கன்சோலில் தெரிந்த ஐந்து: ஒரு வீட்டு டிரெட்மில் புகாரின் நிகழ்வு ஆய்வு

“டிரெட்மில்லில் போட்ட வேகத்துக்கு மேல் பெல்ட் ஓடுகிறது. சில நாள் தானாகவே வேகம் மாறுகிறது. ஒருமுறை ஆளைக் கீழே தள்ளிவிட்டது. கீழ் போர்டு போய்விட்டதாகச் சொல்கிறார்கள்.” என் பணிப்பதிவேட்டில் அன்று எழுதிக்கொண்ட புகார் இவ்வளவுதான். கீழ் போர்டு என்பது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணு அட்டை. கோயம்புத்தூரில் வீட்டு உடற்பயிற்சிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். இந்த நான்கு வாக்கியங்களில் முதல் மூன்றும், அந்த வீட்டார் கண்டபடி, முழு உண்மை. கடைசி வாக்கியம் மட்டுமே தவறு. கருவியில் ஒரு திருகுகூடப் பழுதாகவில்லை என்பது ஒன்றரை மணி நேரச் சோதனைக்குப் பிறகு தெரிந்தது. அது எப்படித் தெரிந்தது, பழுதில்லாத கருவி ஒருவரின் முழங்காலைச் சிராய்க்கும் அளவுக்கு எப்படிப் போனது என்பதை வரிசையாகப் பதிவு செய்கிறேன்.

பயன்படுத்தியவர் 63 வயதானவர். வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர். பல ஆண்டுகளாக ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் காலையில் ஒரு சுற்று நடப்பவர். அந்தச் சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். அதை அவர் அரை மணி நேரத்தில் முடிப்பார். அதாவது அவருடைய இயல்பான நடை மணிக்கு 5 கி.மீ. இந்தக் கணக்கை அவரே வைத்திருந்தார் என்பது பின்னால் பெரிதும் உதவியது. ஐப்பசி மழை தொடங்கியதும் காலை நடை தடைபட்டதால், அவருடைய மகன் ஒரு டிரெட்மில் வாங்கி முன்னறையில் போட்டிருக்கிறார். அதிக வேகம் மணிக்கு 14 கி.மீ., சாய்வைக் கையால் மாற்றும் அமைப்பு, நடுத்தர விலைக் கருவி. கன்சோலில், அதாவது முன்னாலுள்ள திரைப் பலகையில், ஸ்டார்ட், ஸ்டாப், வேகம் கூட்டும் குறைக்கும் பொத்தான்கள், மோட், புரோக் என்று எழுதிய இரண்டு பொத்தான்கள், நேரடி வேகத்துக்காக 3, 6, 9 என்ற மூன்று பொத்தான்கள் இருந்தன. திரையில் வேகம், நேரம், தூரம், கலோரி, நாடித்துடிப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள். எந்தக் கட்டத்திலும் அலகு அச்சிடப்படவில்லை. வேகம் என்ற சொல்லுக்குக் கீழே வெறும் எண் மட்டுமே.

வீட்டம்மா ஒரு சிறிய டைரியில் ஒவ்வொரு நாளும் கன்சோல் காட்டியதை எழுதி வைத்திருந்தார். பால் கணக்கு எழுதுகிற அதே டைரி. கடைசிப் பக்கங்களைத் திருப்பிப் போட்டு எழுதியிருந்தார். எனக்குக் கிடைத்த சான்றுகளில் இதைவிட நம்பகமானது வேறில்லை. முதல் ஐந்து நாள் பதிவுகள் ஒரே மாதிரி இருந்தன: வேகம் 5.0, நேரம் 30, தூரம் 2.50, கடைசி ஐந்து நிமிடம் 6 போட்ட நாள்களில் தூரம் 2.58. ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நடக்கவில்லை, பேரன் வந்திருந்தான். திங்கட்கிழமைப் பதிவில் “5 போட்டதும் ஓட வேண்டியதாயிற்று, மூச்சு வாங்கியது, 2 நிமிடத்தில் நிறுத்தம்” என்று இருந்தது.

அந்த வீட்டில் அந்தத் திங்கட்கிழமை யாரும் கருவியைச் சந்தேகிக்கவில்லை. எல்லோரும் அவருடைய இதயத்தைத்தான் சந்தேகித்தார்கள். சனிக்கிழமை வரை 5-இல் நடந்த மனிதர் திங்கட்கிழமை அதே 5-இல் மூச்சுத் திணறினால் குடும்பம் வேறு என்ன நினைக்கும்? மருத்துவரைப் பார்த்து, புதன்கிழமை டி.எம்.டி. சோதனையும், அதாவது டிரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் சோதனையும், செய்துகொண்டார். புரூஸ் முறை என்று சொல்லப்படும் அந்தச் சோதனையில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சாய்வும் கூடிக்கொண்டே போகும். அவர் மூன்று கட்டங்களை, அதாவது ஒன்பது நிமிடத்தை, நல்லபடியாக முடித்திருக்கிறார். இதயத்தில் குறை எதுவும் தெரியவில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் மகன் அறிக்கையைப் பார்த்துவிட்டு, மருத்துவமனையில் அதிகபட்சம் 3.4 வேகம்தான் வைத்தார்கள், வீட்டில் 5 வைத்தால் திணறத்தானே செய்யும், அப்பாவுக்கு உடம்பு தளர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்.

அந்த அறிக்கையை நானும் பார்த்தேன். புரூஸ் முறையின் வேகங்கள் மைல் கணக்கில் அமைந்தவை: முதல் கட்டத்தில் மணிக்கு 1.7 மைல், 10 சதவீதச் சாய்வு; இரண்டாவதில் 2.5 மைல், 12 சதவீதம், மூன்றாவதில் 3.4 மைல், 14 சதவீதம். 3.4 மைல் என்பது ஏறக்குறைய 5.5 கி.மீ. ஆகவே அவர் மருத்துவமனையில் வீட்டைவிடக் குறைவான வேகத்தில் நடக்கவில்லை. தன் வழக்கமான வேகத்தைவிட அதிகமாகவே, அதுவும் மருதமலைப் படியேறுவதைப் போன்ற ஏற்றத்தில், நடந்திருக்கிறார். அறிக்கையின் வேகப் பத்தியில் அலகு சிறிய எழுத்தில் இருந்தது. யாரும் அதைப் படிக்கவில்லை. ஒரே வாரத்தில், ஒரே குடும்பத்தில், ஒரே அலகுப் பிழை இரண்டு இடங்களில் நேர்ந்திருந்தது என்பதை அப்போது நானும் அறியவில்லை.

அதன்பிறகு அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, தனக்குச் சௌகரியமான ஓர் எண்ணில் நின்றார். டைரியின்படி அந்த எண் 3.1; அரை மணி நேரத்தில் தூரம் 1.55. இடையில், பழைய நிலைமை எங்கோ ஒரு பொத்தானில் ஒளிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் புரோக் பொத்தானையும் இரண்டு நாள் அழுத்தியிருக்கிறார். அந்த இரண்டு நாள் பதிவுகளில்தான் “3 நிமிடத்துக்கு ஒருமுறை பீப் சத்தம், தானாக வேகம் மாறுகிறது” என்று இருக்கிறது. பிறகு ஒருநாள், டி.எம்.டி. நன்றாக வந்த தெம்பில், கடைசி ஐந்து நிமிடத்துக்குப் பழைய வழக்கப்படி 6 என்ற நேரடிப் பொத்தானை அழுத்தினார். சில நொடிகளில் பெல்ட் அவருடைய காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. கைப்பிடியைப் பிடித்தபடி முழங்காலில் விழுந்தார். ஆள் விழுந்தால் பெல்ட்டை நிறுத்த வேண்டிய சேஃப்டி கீயின் கிளிப் சட்டையில் மாட்டப்படாமல் கன்சோலிலேயே தொங்கிக்கொண்டிருந்ததால், அவர் விழுந்தும் பெல்ட் நிற்கவில்லை. அடுக்களையிலிருந்து ஓடிவந்த வீட்டம்மாதான் ஸ்டாப்பை அழுத்தினார். முழங்காலிலும் முன்கையிலும் சிராய்ப்பு, அதோடு போயிற்று.

எனக்கு முன்னால் வந்த ஒரு பழுதுபார்ப்பவர் பெல்ட்டுக்கு அடியில் சிலிக்கான் எண்ணெய் விட்டு, மூடியைக் கழற்றிப் பார்த்து, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கீழ் போர்டை மாற்ற வேண்டும் என்று சொல்லிச் சென்றிருந்தார். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. “தானாக வேகம் கூடுகிறது” என்ற சொற்களைக் கேட்டதும் எங்கள் தொழிலில் கை முதலில் போவது கீழ் போர்டுக்குத்தான். நானும் புது போர்டு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

சோதனை

பெரியவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் இது: “ஏனுங்க தம்பி, அஞ்சுல வெச்சா நடக்க விடறதில்லீங்க, ஓடத்தான் விடுது.” அந்த வாக்கியத்தில் விடை இருந்தது. மனிதர்கள் சாதாரணமாக மணிக்கு 7 கி.மீ.யைத் தாண்டும் இடத்தில்தான் நடையை விட்டு ஓட்டத்துக்கு மாறுகிறார்கள். ஐந்தில் ஒருவர் ஓட வேண்டியிருந்தால், ஒன்று அந்த ஐந்து ஐந்தாக இருக்க முடியாது, அல்லது அது வேறு ஏதோ ஓர் ஐந்து.

நான் பக்கவாட்டுப் பலகைகளில் இரு கால்களையும் வைத்து நின்றுகொண்டு ஸ்டார்ட்டை அழுத்தினேன். 3, 2, 1 என்று எண்ணி, பெல்ட் மெல்ல நகர்ந்தது. திரையில் தெரிந்த எண் 0.6. இந்த வகைக் கன்சோல்கள் மணிக்கு 1.0 கி.மீ.யில் தொடங்குபவை, கையேட்டிலும் அப்படியே இருந்தது. 0.6 என்ற எண்ணைக் கண்டதும் எனக்குச் சந்தேகம் தட்டியது, ஏனென்றால் ஒரு கிலோமீட்டர் என்பது 0.62 மைல். வேகத்தை ஏற்றிக்கொண்டே போய்ப் பார்த்தேன். 14-க்குப் போக வேண்டிய திரை 8.7-இல் நின்றுவிட்டது. 14 கி.மீ. என்பது 8.7 மைல். கீழும் மேலும் இரண்டு எல்லைகளும் ஒரே விகிதத்தில் சுருங்கியிருந்தன.

இருந்தாலும் ஊகத்தோடு நிறுத்தாமல் அளந்து பார்ப்பதே முறை. கருவியை நிறுத்தி, பெல்ட்டின் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். தையல் நாடாவை வைத்துக் கையால் பெல்ட்டைச் சுற்றி நகர்த்தி அளந்ததில், ஒரு முழுச் சுற்று 2.70 மீட்டர். பிறகு வேகத்தை 3.0-இல் வைத்து, ஒரு நிமிடத்தில் அந்தக் கோடு எத்தனை முறை முன்னால் வருகிறது என்று எண்ணச் சொன்னேன். பெரியவர் கைபேசியில் நேரம் பார்த்தார், வீட்டம்மா எண்ணினார்: முப்பது. முப்பது சுற்று என்றால் நிமிடத்துக்கு 81 மீட்டர், மணிக்கு 4.86 கி.மீ. திரையில் தெரிந்த 3.0 கிலோமீட்டராக இருந்திருந்தால் கோடு பதினெட்டு அல்லது பத்தொன்பது முறை மட்டுமே வந்திருக்கும். மணிக்கு மூன்று மைல் என்பது 4.83 கி.மீ. கையால் எண்ணிய கணக்குக்கு இதைவிட நெருக்கமான பொருத்தம் கிடைக்காது.

கீழ் போர்டோ வேகத்தை உணரும் சென்சாரோ கெட்டிருந்தால் இப்படி நேர்ந்திருக்குமா என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. அவை கெட்டால் வேகம் தாறுமாறாக ஏறி இறங்கும், அல்லது பிழைக் குறியீடு காட்டிக் கருவி நின்றுவிடும். தொடக்க வேகம் 1.0 என்றே திரையில் காட்டும். ஏனென்றால் அந்த எண்ணை எழுதுவது கன்சோல், கீழ் போர்டு அன்று. தொடக்க எண், உச்ச எண், இடைப்பட்ட எண் மூன்றும் துல்லியமாக 1.6 என்ற ஒரே விகிதத்தில் மாறியிருப்பது பழுதின் நடத்தை ஆகாது. அது யாரோ கொடுத்த கட்டளையின் நடத்தை.

டைரியைத் திரும்பப் புரட்டியபோது மற்றவையும் தெளிவாயின. திங்கட்கிழமை அவர் வைத்த 5 என்பது மணிக்கு 8 கி.மீ.; நடக்க முடியாது, ஓடத்தான் வேண்டும். விழுந்த அன்று அழுத்திய 6 என்பது 9.66 கி.மீ.; நொடிக்கு 2.7 மீட்டர் பின்னோக்கிப் போகும் தரை. அவர் எதிர்பார்த்ததோ நொடிக்கு 1.7 மீட்டர். எனக்கு வியப்பைத் தந்தது அந்த 3.1 என்ற எண். மணிக்கு 3.1 மைல் என்பது 4.99 கி.மீ. உடம்பு தளர்ந்துவிட்டது என்று குடும்பமே நம்பிக்கொண்டிருந்த நாள்களில், திரையை நம்பாமல் காலை மட்டும் நம்பி, ஒவ்வொரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டு வந்தவர், ரேஸ் கோர்ஸில் நடக்கும் அதே வேகத்தில் வந்து நின்றிருக்கிறார். தூரக் கட்டத்தில் தெரிந்த 1.55 மைலும் ஏறக்குறைய இரண்டரை கி.மீ.தான், அதே ஒரு சுற்று.

அலகு மாறியது எப்படி

இத்தகைய கன்சோல்கள் பல நாடுகளுக்கும் விற்பனைக்குப் போவதால், கிலோமீட்டர், மைல் இரண்டும் உள்ளேயே வைக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மைல் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மெட்ரிக் முறை வந்து, மைல் பேச்சு வழக்கில் மட்டும் தங்கிவிட்டது. பல கன்சோல்களில் சேஃப்டி கீயை எடுத்துவிட்ட நிலையில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்துச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் அலகு மாறிவிடும். கடைக்காரருக்கும் பழுதுபார்ப்பவருக்கும் வசதியாக இருக்கட்டும் என்று வைத்த வழி. மின்சாரத்தை நிறுத்திப் போட்டாலும் இந்த மாற்றம் அழியாது. பிளக்கைப் பிடுங்கி மாட்டிப் பார்த்தும் சரியாகவில்லை என்று மகன் சொன்னதன் காரணம் அதுவே.

ஞாயிற்றுக்கிழமை வந்திருந்த ஏழு வயதுப் பேரனிடம் பாட்டி கைபேசியில் பேசினார். அதட்டாமல் கேட்டதால் உண்மை உடனே வந்தது. சிவப்புச் சாவியை எடுத்தால் திரையில் கோடு கோடாக வந்ததாம். வீடியோ கேமில் செய்வதுபோல் எல்லாப் பொத்தான்களையும் இரண்டிரண்டாகப் பிடித்துப் பார்த்தானாம். நான் அதையே செய்துகாட்டினேன். கீயை எடுத்தேன், கோடுகள் வந்தன. மோட், புரோக் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்தேன், ஒரு பீப் ஒலித்தது. கீயை மாட்டி ஸ்டார்ட் அழுத்தியதும் 1.0 வந்தது. வேலை முடிந்தது என்று சொன்னால் அதற்கு ஆன நேரம் பத்து நொடி.

தானாக வேகம் மாறியதற்கு விளக்கம் இன்னும் எளிது. புரோக் பொத்தானை அழுத்தினால் பி1, பி2 என்று முன்கூட்டியே எழுதிய வேகத் திட்டங்கள் வரும். இந்தக் கன்சோல் மொத்த நேரத்தைப் பத்துச் சம பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு வேகம் வைக்கிறது. அவர் வைத்தது 30 நிமிடம். ஆகவே மூன்று நிமிடத்துக்கு ஒரு பீப், ஒரு வேக மாற்றம். கருவி தன் வேலையைச் செய்தது. அந்தப் பீப் ஒலி வேகம் மாறப்போவதற்கான எச்சரிக்கை என்பதை யாராவது அவருக்குச் சொல்லியிருந்தால் அவர் அதைப் பழுதென்று நினைத்திருக்கமாட்டார். கையேடு ஆங்கிலத்தில், கண்ணுக்கெட்டாத எழுத்தில் இருந்தது.

சேஃப்டி கீ

அலகுப் பிழையைவிட இந்த வீட்டில் என்னைக் கவலைப்பட வைத்தது சேஃப்டி கீ. அவர்கள் அதை வண்டிச் சாவியைப் போல, கருவி இயங்குவதற்காக மாட்டிவைக்க வேண்டிய ஒன்றாக மட்டும் எண்ணியிருந்தார்கள். அது உண்மையில் ஒரு சிறு காந்தம். அதிலிருந்து வரும் கயிற்றின் மறுமுனையிலுள்ள கிளிப்பைச் சட்டையில் மாட்டிக்கொண்டால், ஆள் பின்னுக்குச் சறுக்கும்போது காந்தம் பிடுங்கிக்கொண்டு வரும். மோட்டாருக்கு மின்சாரம் நிற்கும். ஸ்டாப் பொத்தான் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது. கீ ஒரேயடியாக நிறுத்துவது. விழுகிறவரின் கைக்கு ஸ்டாப் எட்டாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடே இருக்கிறது. கிளிப்பைச் சட்டையின் தளர்ந்த ஓரத்தில் மாட்டினால் பயனில்லை. துணி இழுபடுமே தவிர காந்தம் வராது. பெரியவரை இடுப்புப் பட்டையில் மாட்டச் சொல்லி, பலகையில் நின்றபடி ஓர் அடி பின்னால் சாயச் சொன்னேன். காந்தம் “டக்” என்று வந்தது, பெல்ட் நின்றது. அதை மூன்று முறை செய்யவைத்தேன்.

பேரன் கீயை எடுத்து விளையாடியது அலகை மாற்றியதோடு போனது அதிர்ஷ்டம். கீ கன்சோலிலேயே மாட்டிக் கிடந்திருந்து, அவன் ஸ்டார்ட்டை அழுத்தியிருந்தால் இந்த ஆய்வு வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும். அமெரிக்காவில் 2021-இல் நடந்ததை மகனிடம் சொன்னேன். பெலோட்டான் நிறுவனத்தின் டிரெட்+ என்ற வீட்டு டிரெட்மில்லில் பிள்ளைகளும் பொருள்களும் பின்பக்கத்துக்கு அடியில் இழுக்கப்பட்ட நிகழ்வுகள் 70-க்கும் மேல் பதிவாயின. ஆறு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஏப்ரலில் எச்சரிக்கை விடுத்தது. நிறுவனம் முதலில் மறுத்து, மே 5 அன்று சுமார் 1,25,000 கருவிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பிறகு திரையில் நான்கு இலக்கக் கடவு எண் கேட்கும் பூட்டு சேர்க்கப்பட்டது. மாதக் கட்டணம் செலுத்துபவருக்கு மட்டுமே அந்தப் பூட்டு என்று தொடக்கத்தில் இருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் கட்டணத்தை விலக்கிக்கொண்டார்கள். பாதுகாப்புப் பூட்டுக்குச் சந்தா கேட்ட மனநிலையைப் பற்றி நான் தனியே எதுவும் சொல்ல வேண்டியதில்லை. குறைபாட்டை உடனே தெரிவிக்கத் தவறியது முதலான காரணங்களுக்காக 2023-இல் அந்த நிறுவனம் 1.9 கோடி டாலருக்கு மேல் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

இந்த வீட்டுக் கருவியின் கட்டமைப்பு அதிலிருந்து வேறுபட்டது. ஆனால் அந்த ஆணையம் அப்போது சொன்ன அறிவுரை எல்லா டிரெட்மில்லுக்கும் பொருந்தும்: பயன்படுத்தி முடித்ததும் பிளக்கைப் பிடுங்குங்கள், கீயை எடுத்துக் குழந்தைகளுக்கு எட்டாத வேறு இடத்தில் வையுங்கள். வீட்டம்மா உடனே ஓர் ஆணி கேட்டார். சாமி அலமாரிக்குப் பக்கத்தில், பீரோ சாவி தொங்கும் இடத்தில் இப்போது சிவப்புக் கீயும் தொங்குகிறது.

மற்றவை சுருக்கமாக. கலோரிக் கட்டத்தைப் பற்றிப் பெரியவர் ஆர்வமாகக் கேட்டார். இந்தக் கன்சோல் அவருடைய எடையை எங்கும் கேட்பதில்லை. எடை தெரியாமல் கலோரி சொல்வது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பதைப் போன்றது. உடலியல் நூல்களில் உள்ள நடைக்கான சூத்திரத்தின்படி, 72 கிலோ எடையுள்ள அவர் சமதரையில் மணிக்கு 5 கி.மீ. வீதம் அரை மணி நேரம் நடந்தால் சுமார் 128 கிலோகலோரி செலவாகும். ஓய்வில் இருக்கும்போதே செலவாவதும் இதில் சேர்த்தி. நாடித்துடிப்புக் கட்டத்துக்காகக் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி நடப்பதை விடச் சொன்னேன்; வியர்த்த கையில் அது காட்டும் எண்ணும் நிலையில்லாதது, கைப்பிடியில் சாய்ந்து நடந்தால் நடையும் கெடும்.

கடைசியாக அவரையே தொடக்கத்திலிருந்து எல்லாம் செய்யச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளிப்பை இடுப்பில் மாட்டினார். பலகைகளில் கால் பரப்பி நின்று ஸ்டார்ட்டை அழுத்தினார். திரையில் 1.0 வருகிறதா என்று குனிந்து பார்த்து, “ஒண்ணு வந்துருச்சுங்க” என்று எனக்குச் சொன்ன பிறகே பெல்ட்டில் கால் வைத்தார். நேரடிப் பொத்தான்களைத் தொடாமல், கூட்டும் பொத்தானை ஒவ்வொரு தட்டாகத் தட்டி 5.0-க்கு வந்தார். ஓடவில்லை, நடந்தார். நடந்தபடியே மகனைத் தொலைபேசியில் அழைத்து, டி.எம்.டி. அறிக்கையில் அந்த 3.4-க்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னார்.

புது போர்டைப் பெட்டி பிரிக்காமலே பையில் திரும்ப வைத்தேன். வீட்டம்மா அதற்குள் டைரியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திங்கட்கிழமைக்குப் பிறகான ஒவ்வொரு பதிவிலும் தூரத்தை 1.6-ஆல் பெருக்கி ஓரத்தில் எழுதிக்கொண்டே வந்தவர், 1.55 என்று இருந்த எல்லா இடங்களிலும் கணக்குப் போடாமல், “ரேஸ் கோர்ஸ் ஒரு சுற்று” என்று மட்டும் எழுதினார்.